முப்பத்தைந்து வோல்ட் கண்டன்சர்

திருத்தங்கல்

அன்பு மகள் அழகுமீனாவுக்கு உன் அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நொய்டாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இது முழுக்க என் கையெழுத்து தாயி. முதியோர் வகுப்பு டீச்சர் ஆர்த்தி பார்த்துவிட்டு, ஒரு வரிக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் எடுக்கீகளே ஐயா என்று சிரித்தது. சிரிக்கட்டும், ஒவ்வொரு எழுத்தும் விழும்போது எனக்கு வாயெல்லாம் பல்தான். ஆனால் எழுத வந்த விஷயம் சிரிக்கிற விஷயம் இல்லை.

விஸ்வநத்தத்தில் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வெடித்ததிலிருந்து அம்மாவுக்குக் காது மந்தம். போனில் முகம் தெரிய நீ பேசினால் உன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்காகத்தானே, போனை மாட்டிக் கேட்க ஒரு ஆம்ப்ளிபயர் செய்யுங்கப்பா, சாமான் நான் சொல்கிறேன் என்றாய். சிவகாசிக் கடையில் போர்டு, இருபத்துநாலு வோல்ட் டிரான்ஸ்பார்மர், சூடு தாங்க அலுமினியத் தகடு எல்லாம் நீ சொன்னபடியே கிடைத்தன. கரண்டைத் தேக்கிவைக்கிற ஐம்பது வோல்ட் கண்டன்சர் மட்டும் இல்லை. கடைக்கார முனியராஜ், முப்பத்தஞ்சு இருக்கு பெரியவரே, அதுவே தாராளம் என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை, அங்கே நின்றே உனக்குப் போன் போட்டேன். கட் பண்ணிக் கட் பண்ணி, கடைசியில் எடுத்து, மீட்டிங்ல இருக்கேம்ப்பா, எதையாச்சும் வாங்குங்க என்று வைத்துவிட்டாய். முனியராஜ், அதான் மகளே சொல்லிட்டாகள்ல என்று பொட்டலம் கட்டிவிட்டான்.

மாட்டி சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்டன்சர் டமார் என்று வெடித்து வீடெல்லாம் புகை. வேறெந்தச் சத்தமும் கேட்காத உன் அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வெட்டவெளிக்கு ஓடு என்றுதானே கம்பெனியில் பழக்கியிருக்கிறார்கள், குழம்புக் கரண்டியோடு ரோட்டைத் தாண்டிப் பொட்டலில் போய் நின்றாள். எதிர்வீட்டு சொர்ணலட்சுமி, என்ன மதினி, வீட்டுக்குள்ளயே சீசன் ஆரம்பிச்சிட்டீகளா என்று கேலி பேசினாள். அம்மாவுக்கு நடுக்கம் நிற்க மறுநாள் ஆயிற்று. அப்புறம் நீ, இருபத்துநாலு உள்ள போயி முப்பத்துநாலா ஏறும்ப்பா, கரண்ட் கொஞ்சம் கூடினாலும் முப்பத்தஞ்சு தாங்காது என்று அழகாக விளக்கினாய். அதைக் கடையில் நின்றபோது சொல்ல உனக்கு ஒரு நிமிஷம் இல்லாமல் போயிற்றே.

பிறகு சாத்தூர் போய், அறுபத்துமூன்று என்று எழுதியிருந்ததை நானே வாசித்துப் பார்த்து வாங்கிவந்து மாட்டினேன். இரைச்சல் இல்லாமல் பாடியது. உள்ளே வரமாட்டேன் என்ற அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைத்தேன். அன்றைக்குத்தான் நீ பேசிப் பதிந்து அனுப்பிய குரல் போனில் வந்திருந்தது. நானே கேட்டுப் பார்க்காமல் ஆசையில் அதைப் போட்டுவிட்டேன். அம்மா, இந்தத் தீபாவளிக்கும் வர முடியாதும்மா, லீவு கிடைக்கல என்று தெரு வரைக்கும் கேட்டது. அம்மா என்றதற்கு அவள் முகமெல்லாம் சிரித்தாள். மிச்சத்தைக் கேட்டுவிட்டு, அத அமத்துங்க என்றாள். இப்போது அதன்மேல் பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

நீ எங்கிருந்தாலும் குலசாமி துணையிருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. பனிக்காலம் வருகிறது, தலையை மூடாமல் வெளியே போகாதே. ஒன்று மட்டும் மறக்காதே, இதற்குப் பதிலைக் குரலாக அனுப்ப வேண்டாம், கடிதமாகப் போடு. நானே வாசித்து, அம்மாவிடம் எதைச் சொல்லலாம் என்று பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும் உன் அப்பா,
கண்ணுச்சாமி