எண்பத்தொன்றாவது குழி

அன்பு மகள் மிளகுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே உன் சித்தியின் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். நீ அங்கே சுகமாக இல்லை என்பதை உன் கடிதமே சொல்லிவிட்டது, அதனால் நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்க மாட்டேன். போனில் பேசலாமே என்பாய், நான் வாயைத் திறந்தாலே 'கத்தாதீங்க, புள்ள பயந்துடும்' என்று உன் சித்தி போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், காகிதத்தை அப்படிப் பிடுங்க முடியாது பார், அதுதான் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டுப் பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். உன் கடிதத்தைப் பதினோரு தடவை படித்தாயிற்று. ஏழாவது தடவை படிக்கும்போது என் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் அப்படியே நெளிந்துவிட்டது, வேண்டுமானால் சித்தியைக் கேள். அவள் அது போன வருஷமே நெளிந்ததுதான் என்பாள், நம்பாதே.

நீ வேலைக்குச் சேர்ந்த இந்த எட்டு மாதத்தில் உன் பெருமையை நான் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. முடிவெட்டுகிறவர், 'அப்ப பாப்பா நர்ஸா?' என்று கேட்டார். பாதி வெட்டிய தலையோடு எழுந்து நின்றேன். 'நர்ஸு ரத்தம் எடுக்கறதோட சரிய்யா, அந்த ரத்தத்துக்கு அப்புறம் அம்மா, அப்பா எல்லாம் எங்க புள்ளதான்' என்றேன். மூடியின் நிறம் பார்த்துப் பிரிப்பது, சுற்றுகிற மிஷினில் வைப்பது, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை உறிஞ்சிச் சின்னச் சின்ன டியூப்களில் விடுவது, லேபிள் ஒட்டுவது, எண்பத்தொரு குழி உள்ள பெட்டியில் எண்பது சேர்ந்ததும் மூடி மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைத்து மணி எழுதுவது, பத்து வருஷம் கழித்து ஒரு டாக்டர் அதை எடுத்து மருந்து கண்டுபிடிப்பது வரைக்கும் சொல்லி முடித்தபோது கடையில் கத்தரிச் சத்தமே இல்லை. மைனஸ் எண்பதை மைனஸ் எண்ணூறு என்று சொல்லியிருக்கலாம், ஞாபகமில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் இப்போது என்னை 'லேப் சித்தப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். அப்படிப்பட்ட பிள்ளையின் தலையில் போய் அந்த வெல்லக்கட்டி பழியைக் கட்டியிருக்கிறாள் என்றால் என் வயிறு எரியுமா எரியாதா?

வெல்லக்கட்டி என்பது உன் சீனியர் அம்மாவுக்கு நான் வைத்த பேர், தங்கச்சி தங்கச்சி என்று இனிக்க இனிக்கப் பேசுவாள் என்று நீதானே எழுதினாய். நடந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். அவள் தன் ஆராய்ச்சிக்கு ஒரு பெட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள், போன் வந்தது, போனாள், மறந்தாள். மதியம் முழுக்க அங்கேயே கிடந்து எண்பது டியூபும் உருகிவிட்டது. சாயங்காலம் பூனை மாதிரி வந்து உள்ளே தள்ளிவிட்டாள், ரெஜிஸ்டரில் எடுத்ததும் எழுதவில்லை, வைத்ததும் எழுதவில்லை. அன்றைக்குக் கதவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் முறை உன்னுடையது. இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தவர்கள் லேபிள் எல்லாம் ஊறி உரிந்து கிடப்பதைப் பார்த்ததும், புதுப்பெண் கதவைச் சரியாக மூடாமல் போய்விட்டாள், ஃப்ரீசரே சூடேறியிருக்கும் என்று அவள் முந்திக்கொண்டாள். வெப்பத்தைப் பதிகிற கருவி அந்த வாரம் ரிப்பேருக்குப் போயிருந்தது அவளுக்குத் தெரியாதா என்ன? பிறகு உன்னை வராந்தாவில் ஓரங்கட்டி, 'தங்கச்சி, மறந்தது நான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நீ புதுசு, ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடுவாங்க, எனக்குப் பத்து வருஷ உழைப்பு போயிடும்டா, கதவ மூடலன்னு சொல்லிடேன்' என்றாளாமே. என்ன நாக்கு அது! திட்டோடு விடுவதாகவா இருக்கிறது? வியாழக்கிழமை விசாரணை, வேலை போகலாம் என்று உன் இயக்குநர் எழுத்தில் கொடுத்தாயிற்று. அதோடு போகவில்லை, ஃப்ரீசரே சூடேறியது என்று முடிவு கட்டினால் அதிலிருக்கும் எல்லாப் பெட்டியும் கெட்டதாகி எரிக்கப் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். நீ வார்டுக்கு டியூப் வாங்கப் போனபோது ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உன்னிடம் பஸ் ஓட்டிய கதையெல்லாம் சொன்னாரே ஒரு டிரைவர், அவர் ரத்தமும் அந்த உருகாத பெட்டிகளில் ஒன்றில் இருக்கிறது, அவர் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் போய் இன்னொரு தடவை கையை நீட்டுங்கள் என்று யார் கேட்பது? அந்த இடத்தைப் படித்தபோதுதான் டம்ளர் நெளிந்தது.

அவளுக்கு நான் யோசித்து வைத்த தண்டனைகள் மொத்தம் பதினான்கு. மெல்லிய சட்டையோடு அந்த ஃப்ரீசருக்குள் அரைமணி நேரம் நிற்கவைத்து லேபிள் ஒட்டச் சொல்வது அதில் ஆகச் சிறியது. மற்றதை எழுதிய தாளைச் சித்தி கிழித்து அடுப்பங்கரைக் குப்பையில் போட்டுவிட்டாள். 'போனாப் போகுது, மன்னிச்சிடச் சொல்லுங்க, அந்தப் பொண்ணும் பயத்துல செஞ்சிருக்கும்' என்று உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன், அவள் பங்கு முடிந்தது. இனி என் பங்கு. மன்னிக்காதே. அடுத்தவள் பயத்துக்கு நீ மெத்தை இல்லை. மன்னிப்பதென்றால் உண்மை வெளியே வந்தபிறகு சாவகாசமாக உட்கார்ந்து மன்னித்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.

உன் கையில் ஆயுதம் இருக்கிறது, அதைக் கொடுத்தவன் நான். கோல்டு ஸ்டோரேஜில் பதினாறு வருஷம் கதவு திறந்து மூடும் ஆளாக இருந்தவன் நான், அங்கே ஐஸே என்னிடம் கேட்டுத்தான் உறையும். நீ வேலைக்குக் கிளம்பிய அன்று சொன்னேன், பாதி பாட்டில் தண்ணீரைச் சாய்த்துப் படுக்கவைத்து உறையவிடு, பிறகு நிமிர்த்தி உள்ளே ஒரு மூலையில் வை, ஐஸ் சாய்வாகவே இருந்தால் அந்த அறை ஒரு நாளும் சூடேறவில்லை, மட்டமாகிவிட்டிருந்தால் எவனோ உருகவிட்டு மறுபடி உறையவைத்திருக்கிறான், மிஷின் பொய் சொல்லும், ஐஸ் பொய் சொல்லாது. நீ சிரித்தாய். சிரித்துவிட்டுச் செய்தும் இருக்கிறாய். நீ அடுக்கிய ஒன்பது பெட்டியிலும் காலியாக விடுகிற அந்த எண்பத்தொன்றாவது குழியில் மைச்சொட்டு விட்ட தண்ணீர் டியூப் ஒன்றைச் சாய்வாக உறையவைத்துச் செருகியிருக்கிறாய் என்று படித்தபோது நான் சித்தியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன், முழங்காலோடு. உருகிய பெட்டியில் மட்டும் நீல ஐஸ் மட்டமாக இருக்கிறது, மற்ற எட்டிலும் வைத்த சாய்வு அப்படியே நிற்கிறது என்கிறாய். ஃப்ரீசர் சூடேறியிருந்தால் எட்டும் மட்டமாகியிருக்க வேண்டாமா? அந்த ஒரு பெட்டி வெளியே போய் வந்தது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள், நீ மிளகு.

ஆனால் காட்ட மாட்டேன் என்கிறாய். நோயாளிகள் பெட்டிக்குள் வெளிப்பொருள் எதையும் வைக்கக்கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கினார்கள், காட்டினால் அது ஒரு குற்றமாகிவிடும் என்று பயப்படுகிறாய். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிவிட்டு வந்தேன். அது இன்னும் சொட்டுகிறது.

உனக்கு ஏழு வயசிலிருந்து நான் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு. இடுப்பில் சாவிக்கொத்தைக் கட்டிக்கொண்டு திரிவான் எங்கள் சூப்பர்வைசர், நண்பனின் லாரியில் வந்த உருகிய மீன் பெட்டிகளை மூன்றாம் அறைக்குள் தள்ளிவிட்டு, நான் கதவை மூடாததால் கெட்டுப்போனது என்று முதலாளியிடம் சொன்னான், நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன், சாவிக்கொத்து என் காலில் விழுந்தான், முதலாளி என்னைப் பங்காளியாக வரச்சொன்னார், நான் போடா என்று வெளியே வந்துவிட்டேன். முதலில் இருநூறு பெட்டி என்றுதான் சொன்னேன், நீ காலேஜ் போகும்போது நாலாயிரம் ஆகிவிட்டது. மிளகு, பாட்டில் வரைக்கும் நிஜம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டுதான் முதலாளி அறைக்குப் போனேன், வயிற்றில் பட்டு நெருப்பாய்ச் சுட்டது. அறைக்குள் வெளிச்சாமான் கொண்டுவந்தால் ஒரு நாள் சஸ்பெண்டு என்று சுவரில் எழுதியிருந்தது. அந்த ஒரு நாளுக்குப் பயந்து நின்றேன், இப்போது எடுக்கலாம், இவர் பேசி முடிக்கட்டும் எடுக்கலாம் என்று நின்றேன். பாட்டில் வேர்த்துச் சட்டையெல்லாம் ஈரம். 'என்னய்யா இப்படி வேர்க்குது, தப்பு செஞ்சவனுக்குத்தான் இப்படி வேர்க்கும்' என்று சாவிக்கொத்து சிரித்தான். வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் வெறும் தண்ணீர் குலுங்குகிறது. வேலை போயிற்று. காற்றோட்டத்துக்காக வீடு மாறினோம் என்று சொன்னேனே, அது அந்த வருஷம்தான், காற்று பழைய வீட்டிலும் நன்றாகத்தான் அடித்தது. அவன் ரிட்டயரானபோது எல்லாரும் கைதட்டிச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். டீக்கடையில் அவனுக்குப் பிடித்த ஜன்னலோர நாற்காலியில் பன்னிரண்டு வருஷமாக அவன் வருவதற்கு முன்னால் போய் நான் உட்கார்ந்துகொள்கிறேன், காய்ச்சலிலும் போயிருக்கிறேன். அவன் என்னைப் பார்த்து, 'வாங்க சார், எங்கயோ பாத்த மாதிரி இருக்கே' என்கிறான். பாவி, அவனுக்கு ஞாபகமே இல்லை. பழிவாங்குவதற்கும் ஒரு நேரம் இருக்கிறது, அது போனால் நாற்காலிதான் மிச்சம்.

அதனால் கேள். உன் சின்னத் தப்பை நீயே முதலில் சொல், வெளிப்பொருள் வைத்தேன், விதியை மீறினேன், அதற்கு என்ன உண்டோ கொடுங்கள் என்று. அவள் இனிப்பாகச் சிரிப்பாள், சிரிக்கட்டும். பிறகு இயக்குநரையே எழுந்து வந்து தன் கையால் பெட்டிகளைத் திறக்கச் சொல். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, வராந்தாவில் அவள் சொன்னதைக்கூடக் கேட்டால்தான் சொல். மட்டமான டியூபையும் சாய்ந்த டியூபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் முகத்தை மட்டும் பார். என்ன நிறமாக மாறியது என்று எனக்கு விவரமாக எழுது, நான் முடிவெட்டும் கடையில் சொல்ல வேண்டும். இதோடு உன் இயக்குநருக்கும் ஒரு கடிதம் எழுதி ஒட்டாமல் வைத்திருக்கிறேன், அந்த டியூபை வைக்கச் சொன்னவன் நான், தண்டிப்பதென்றால் என்னையும் சேர்த்துத் தண்டியுங்கள் என்று. நேரே அவருக்கு அனுப்பத்தான் இருந்தேன், சித்தி மூன்று தடவை சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டாள். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். அதில் பொய் ஒன்றும் இல்லை, பதினாறு வருஷத்தை இருபது என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கூரியர்காரன் புதன்கிழமை சேரும் என்று சத்தியம் செய்திருக்கிறான். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இரு, உன்னைக் கெடுக்க நினைத்தவள் நீ நன்றாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, விசாரணை அறைக்கு அந்தப் பெட்டிகளைச் சும்மா கொண்டுபோய்விடாதே, வெள்ளைப் புகை விடுமே உங்கள் ஐஸ், அதில் புதைத்துக் கொண்டுபோ, அவர்கள் எவ்வளவு நேரம் பேசினாலும் சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்க வேண்டும். உன் முறை வந்ததும் உடனே எடு.

இப்படிக்கு,
பாட்டிலைச் சட்டைக்குள்ளேயே உருகவிட்ட
உன் சித்தப்பா