மூன்றிடம் விசாரித்த எண்

நவம்பர் 3, திங்கள்

ஷைலஜா டீச்சர் போன் செய்தார்கள். நெய்யாற்றின்கரையில் அவர்கள் நடத்தும் பாரலல் காலேஜில், அதாவது தனியார் டியூஷன் கல்லூரியில், கணக்குக்கு ஆள் வேண்டுமாம். சனிக்கிழமை அரைமணி நேரம் மாதிரி வகுப்பு, பிடித்தால் வேலை. எம்.எஸ்.சி. முடித்து மூன்று வருடம், ஈவா பிறந்து எட்டு மாதம். சாக்பீஸ் பிடித்த கையா இது? பக்கத்து வீட்டுக் கிருபாபாய் மாமி ஈவாவைப் பார்த்துக்கொள்வார்களாம். பால் குடிப்பாளா? தேடி அழுவாளா? — இதற்கு ஒரு மாதிரி வகுப்பு கிடையாதா?

நவம்பர் 4

தலைப்பு கிடைத்துவிட்டது. இரண்டை அதனாலேயே பெருக்கு. வந்ததை அதனாலேயே பெருக்கு. இப்படி இருபது முறை. கடைசியில் ஒன்றைக் கூட்டு. மூன்று லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். பக்கத்துக்கு ஆயிரம் எழுதினாலும் முந்நூறு பக்கம் போதாது. இது பகு எண், சின்ன எண்களின் பெருக்கமாக உடையும் என்று நிரூபித்தாயிற்று. ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட இதுவரை யாரும் கண்டதில்லை! உடையும் என்று தெரியும். எங்கே என்று தெரியாது.

நவம்பர் 6

வீட்டுக்காரர் ஜெனிலிடம் ஒத்திகை. வயரிங் வேலை முடிந்து சாயா குடிக்க வந்த மனிதரைப் பிடித்து உட்கார்த்தினேன்.

"உடைச்சுக் காட்டாம உடையும்ணு எப்படி சொல்லுவே?"

"பகா எண் எல்லாம் பாஸாகுற டெஸ்ட் ஒண்ணு உண்டு. இது அதில தோத்துப்போச்சு."

"எடீ, ஒரு பரீச்சைல தோத்ததுக்கு ஆளைத் தள்ளப்பிடாது. நானும் பத்தில தோத்தவனாக்கும்."

"அதான் என் தலையில வந்து விழுந்திய."

நவம்பர் 7

ஈவாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. போகவேண்டாம். போகவேண்டும். ஐயோ.

நவம்பர் 8, சனி

போனேன். உதியன்குளங்கரையில் பஸ் ஏறுவதற்குள் மாமிக்கு மூன்று போன்.

பலகையில் அந்தப் பெரிய எண்ணைச் செய்யும் விதத்தை எழுதி, நன்றாகத்தான் தொடங்கினேன். அடுத்து சோதனை. ஓர் எண்ணை எடு, அதில் ஒன்றைக் குறை. இரண்டை அத்தனை முறை எழுதிப் பெருக்கு. வந்ததை முதலில் எடுத்த எண்ணால் வகு. இரண்டைத் தவிர மற்றப் பகா எண் என்றால் மீதி ஒன்று வந்தே தீரும். ஏழுக்கு: 64, மீதி ஒன்று. ஒன்பதுக்கு: 256, மீதி நாலு. ஒன்பதை உடைக்காமலே பிடித்துவிட்டோம்.

முன் பெஞ்சில் ஆதிரா என்ற பெண். "அப்போ டீச்சரே, அந்த வலிய நம்பருக்கும் மீதி ஒண்ணு வராது, அல்லே?"

"வராது" என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் உறைத்துவிட்டது. வரும்! இரண்டையே பெருக்கிப் பெருக்கிச் செய்த எண். இரண்டை வைத்துச் சோதித்தால் மீதி சுத்தமாக ஒன்றுதான். நான்கு நாளாக இது எனக்கு ஏன் தோன்றவில்லை? கடைசி பெஞ்சில் ஷைலஜா டீச்சர், கையில் பேனா. சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்குத் தெரியவா போகிறது?

"நான் சொன்னது தப்பு, மக்கா. ஒண்ணு வரும். ரெண்டைப் பெருக்கிச் செஞ்சதுதானே, ரெண்டுகிட்ட கேட்டா இது நல்ல பிள்ளையாக்கும்."

பின்னாலிருந்து அனூஜ் என்றொரு பையன்: "டீச்சரே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை விசாரிக்கணும்ணா அவன் வீட்டிலயா கேப்பாவ? முக்குல சாயாக்கடையிலல்லா கேக்கணும்!"

"அதேதான்! மூணுகிட்ட கேட்டா குட்டு உடைஞ்சிடும்."

ஒரே சிரிப்பு. மூன்றை வைத்துச் செய்த வேறொரு சோதனையில்தான் அந்த எண் மாட்டியது என்று சொல்லி முடித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

போச்சு. எல்லாம் போச்சு.

நவம்பர் 9

ஆராதனை முடிந்து வந்ததும் ஷைலஜா டீச்சரின் போன். "தப்புண்ணு எனக்கு அங்க இருந்தே தெரிஞ்சுது. நீ திருத்துறியாண்ணு பாத்துட்டு இருந்தேன். வாற வாரம் சர்டிபிகேட் தாளெல்லாம் சரியாக்கிட்டு, பதினேழாம் தேதி வா, மோளே."

நவம்பர் 17, திங்கள்

முதல் வகுப்பு. ஆதிரா கேட்ட ஒரு கேள்விக்குத் தெரியாது என்றேன். இரண்டு பேரும் விடையைத் தேடிக்கொண்டு வருவதாக ஒப்பந்தம். பன்னிரண்டரைக்கு வெளியே வந்து, பஸ் ஏறி, டிக்கெட்டும் எடுத்தபிறகுதான் நினைவு வந்தது — காலையிலிருந்து மாமிக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.