கிளை கழித்த தோட்டம்

ஜனவரி 22, வியாழன். முடிச்சூர்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் காபி ஏற்றுமதி அலுவலகத்துக்கு இன்று ஏற்காடு மலையிலிருந்து செல்வி போன் செய்தாள். பழங்குடிப் பெண். தம்பியோடு சேர்ந்து அப்பாவின் காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாள். காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காபியை ஐரோப்பாவில் இனி வாங்க மாட்டார்களாம். அதனால் ஒவ்வொரு தோட்டத்தையும் செயற்கைக்கோள் படத்தில் நான்தான் சரிபார்க்கிறேன். அவள் தோட்டத்தில் மரம் குறைந்திருப்பதாகத் தெரிந்தது. காலையில் அதை வாங்கும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

"நிழல் மரத்த வெட்டல அக்கா, கிளையத்தான் கழிச்சோம். வெயில் படலன்னா காபி காய்க்காதே" என்றாள். "நீங்க வாங்கலன்னா தம்பி திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போறேங்கறான்."

மேனேஜரிடம் சொன்னேன். "டவுட்டுன்னா விட்டுடுங்க மேடம். ஒரு தோட்டத்தால மொத்த கன்டெய்னரும் திரும்பி வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் பயமும் நியாயம்தான். ஆனாலும் நான் விடவில்லை. நேரில் போய்ப் படம் எடுத்து வருகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, திங்கக்கிழமைக்குள்ள கொண்டாங்க" என்றார்.

செல்வியிடம் சொன்னதும் அழுதுவிட்டாள். பிறகு, "பனில வழி வழுக்கும், நல்ல செருப்பா போட்டு வாங்க அக்கா" என்றாள்.

சனிக்கிழமை போகிறேன். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். இவள் போன் செய்து கேட்டாள். இந்த வாரம் நான் நீக்கிய மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை. அவர்களும் கிளையைத்தான் கழித்திருப்பார்களோ?