சர்க்கரை டப்பாவை மறுபடி வைத்துவிட்டேன்

அன்புள்ள தினேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே நீ நலமா என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இன்றைக்கு மனம் வரவில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார், முதலில் அதைப் படித்துக்கொள். போனில் சொன்னால் பாதியில் புகுந்து எனக்கே பாடம் எடுப்பாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், உன் தங்கை கீர்த்தி போட்டோ எடுத்து அனுப்புவாள்.

செவ்வாய்க்கிழமை அப்பா ஒரு முகூர்த்தப் புடவைக்குத் தறியில் பாவு பிணைக்க உட்கார்ந்தார். பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகத் திருகிச் சேர்த்து முடிக்கும்வரை பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம், உனக்குத் தெரியாததில்லை. சர்க்கரை மாத்திரையைத் தவற விடாதீங்கப்பா என்று நீ படித்துப் படித்துச் சொன்னாயே, அதை மட்டும் மறக்காமல் விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்தார். மதியத்துக்குள் வேர்த்துக் கொட்டியது, விரல் நடுங்கியது, என்னையே யாரோ என்பதுபோலப் பார்த்துவிட்டுத் தறியிலேயே சாய்ந்தார். சர்க்கரை எடும்மா என்று உன் தங்கை கத்தினாள், நான் எங்கே போவேன்? போன மாதம் வீடியோவில் எதிரே உட்கார்ந்துகொண்டு, சர்க்கரை, வெல்லம், சாமிக்கு வைத்த கல்கண்டு வரை என் கையாலேயே கொட்டவைத்தவன் நீ. எல்லாம் விஷம் என்றாய். பக்கத்து வீட்டு அம்சாவிடம் ஓடி ஒரு கிண்ணம் வாங்கிவந்தேன்.

ஏனாத்தூர் காலேஜில் கீர்த்தி படிக்கிற உயிர்வேதியியல் உன் மேதாவித்தனத்தைவிட மேல். அப்பாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். உடம்பின் ஒவ்வொரு செல்லும் சர்க்கரையை வாங்கி முதலில் இரண்டாக உடைக்கிறதாம், பிறகு நாம் இழுக்கிற மூச்சின் ஆக்சிஜனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, வருகிற சக்தியை ஏடிபி என்கிற பொருளாகப் பிடித்துவைத்துச் செலவழிக்கிறதாம், மிஞ்சுவது தண்ணீரும் நாம் வெளியே விடுகிற கரியமிலவாயுவும்தானாம். மூளைக்குப் பெரிய சேமிப்பு கிடையாது, ரத்தத்தில் சர்க்கரை வற்றினால் முதலில் தடுமாறுவது அதுதானாம். உன் அப்பாவுக்கு மூச்சு நன்றாகத்தான் வந்தது, வெறும் வயிற்றில் மாத்திரை இருந்த சர்க்கரையையும் இறக்கிவிட்டதால் எரிக்கத்தான் ஒன்றும் இல்லை. மாத்திரையைச் சொன்னவன் சோற்றையும் சொல்லியிருக்க வேண்டாமா? இந்த மனுஷனும் லேசுப்பட்டவரில்லை, டாக்டர் அவரையும் ஒரு பிடி பிடித்தார்.

ஆனால் எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. அம்சா கொடுத்த சர்க்கரையை உதட்டுக்குள் தேய்த்தபோது அவர் துப்பப் பார்த்தார். கண் சொருகிக் கிடக்கிற மனுஷன், வேணாம் தையலு, பையன் திட்டுவான் என்றார். பெற்ற பிள்ளைக்குப் பயந்து உயிரை விடப் பார்த்தாரடா.

சர்க்கரை டப்பா இப்போது தறிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இனிமேல் பாவு பிணைக்கிற நாளிலும் அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார், வழக்கத்தை மீறிய பாவம் என்னோடு போகட்டும். காமாட்சியம்மன் உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும், அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சுகர் எவ்வளவு என்று ஆரம்பிக்காதே. சாப்பிட்டீங்களாப்பா என்று கேள். அவர் பயப்படாமல் பதில் சொல்கிற மாதிரி கேள்.

கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா,
தையல்நாயகி,
பிள்ளையார்பாளையம்.