தையல் மெசினும் கொண்டக்டர் மருமகனும்

ஏறாவூர்
4.9.1938

கொழும்பில் இருக்கும் என் அருமை மகன் பாறூக்குக்கு வாப்பா அசனார் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமாய் இருக்க துஆச் செய்கிறோம். பஸ் வந்த பிறகு என் மாட்டு வண்டியில் ஏற ஆளில்லை என்று முன்னமே எழுதினேன். செங்கலடியில் நெல்லுக் குத்தும் மெசின் போட்டார்கள், உம்மாவையும் நெல் குத்த யாரும் கூப்பிடவில்லை. அழுவாள் என்று பார்த்தேன். வண்டி மாடு வித்த காசைக் கேட்டாள். தையல் மெசின் வாங்கினாள். இப்போது ஊர்ச் சட்டையெல்லாம் எங்கள் வீட்டில்தான், அவளுக்கு எழும்ப நேரமில்லை, ஆகையால் சமையல் நான். முதல் நாள் நான் ஆக்கிய மீன் ஆணத்தைப் பூனைக்கு வைத்தேன், அது மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இப்போது பரவாயில்லை.

உன் தங்கச்சி ஸாலிஹாவுக்குக் காத்தான்குடி பக்கீர் தன் மகன் முகைதீன்பாவாவைப் பேசி வந்தார். பையன் பஸ்ஸில் கொண்டக்டர், என் பிழைப்பைக் கெடுத்த அதே பஸ். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். பக்கீர் வீட்டோடு மெசினையும் சீதனமாய்க் கேட்டார். உம்மா மெசினை மிதித்தபடியே, "ஊட்டத் தாறம், நாங்க பக்கத்துல கொட்டில் போட்டு இரிக்கிறம். மெசினையும் தந்தா என்னத்தத் திங்கிற?" என்றாள். பக்கீர் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார். அன்று தொட்டு ஸாலிஹா சரியாகச் சாப்பிடவில்லை, என் ஆணம்தான் காரணம் என்று புளியைக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் சாப்பிடவில்லை. பிறகுதான் விளங்கியது. பிள்ளையின் முகம் பார்க்க முடியாமல், மெசினைக் கொடுத்துவிடு என்று உம்மாவிடம் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள், நூல் நெடுநேரம் ஏறவில்லை.

போன வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்தால் வேலி வாசல் கடப்படியில் மாப்பிள்ளைப் பையன் தனியாய் நிற்கிறான், கையில் துணிப் பொட்டலம். "மாமி, நிக்காஹுக்குச் சட்டை தைக்கணும். மெசின் இஞ்சயே இரிக்கட்டும். வாப்பாக்கிட்டப் பேசிட்டன், அவரு ஓம் எண்டுட்டாரு" என்றான். உம்மா கையை உயர்த்தச் சொல்லி அளவெடுத்தாள், கூலியைச் சொன்னாள், அவனும் கொடுத்தான். மருமகனிடம் கூலியா என்றேன், இன்னும் மருமகனாகவில்லை என்றாள். அவன் போன பிறகு மெசின் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன், அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கண்ணில் தூசி என்றாள். ஓம் என்றேன். அன்று ஸாலிஹா இரண்டு கோப்பை சோறு தின்றாள், எனக்குத்தான் மிஞ்சவில்லை.

நோன்புப் பெருநாள் கழிய நிக்காஹ். முதலாளியிடம் இப்போதே லீவு சொல்லி வை. கடைச் சோற்றைக் குறை, பகலில் வெயிலில் அலையாதே, தொழுகையை விடாதே. கழுத்தளவும் கை நீளமும் எழுதி அனுப்பு, உனக்கும் உம்மா சட்டை தைப்பாளாம். கூலி எடுப்பாளா என்று நான் கேட்கவில்லை. அல்லாஹ் உன் ஆயுளிலும் உழைப்பிலும் பறக்கத்துச் செய்வானாக.

இப்படிக்கு
உன் வாப்பா
மீ. அசனார்