எதிரே வண்டி வராத பாதை

காக்கா,

நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த பேத்தி இங்கிலீஷ் ரீச்சர் என்பது மட்டுமில்லை, இப்போது அவளுடைய பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்துக்கே பொறுப்பாளி. அவளுக்கு இளையவன் கட்டாரில் என்ஜினியர். அவன் கட்டிய பாலத்தில் கார் ஓடுகிறதாம். சின்ன மகளின் மகள் பல் டொக்டருக்குப் படிக்கக் கம்பஸுக்கு எடுபட்டிருக்கிறாள். கடைக்குட்டி குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து, போன நோன்புக்குப் பள்ளியில் நின்று தொழுவித்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒருத்தியின் கொடியில் இத்தனை காய். கண்ணூறு படாமல் இருக்கட்டும்.

போன கிழமை எனக்கு இருமல் கூடிப்போய், பேத்திதான் நெஞ்சுப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். வயது குறைந்த டொக்டர். அந்தக் கறுப்புப் படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "பயப்பிட ஒண்டுமில்ல உம்மா, எல்லாம் கிளியர்" என்றார். பேத்தி சிரித்தாள். நான் அந்தப் படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, "நல்ல செய்திக்கு ஏன் உம்மம்மா முகம் இப்பிடிப் போச்சு?" என்று கேட்டாள். கிளியர் என்ற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவளிடம் தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. புரட்டிப் புரட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். தெளிந்தது என்றாள். வானத்தில் மப்பு இல்லாதது, மறைப்பு இல்லாதது, சந்தேகம் இல்லாதது என்றாள். குற்றம் நீங்குவதும் அதுவாம், தடையைத் தாண்டிப் போவதும் அதுவாம், இருப்பதை அப்புறப்படுத்துவதும் அதுவாம். அதே பொருளுக்கு வேறு இங்கிலீஷ் சொற்களும் வரிசையாக இருந்தன. பிளேன், ஓபன், ஃப்ரீ, எம்டி.

"கடைசியாச் சொன்னது என்ன?"

"எம்டி. ஒண்டுமில்லாம வெறுமையா இரிக்கிறது."

"வெறுமையும் கிளியரும் ஒண்டா மனே?"

"சில இடத்தில ஒண்டுதான் உம்மம்மா" என்றாள். அவளுக்கு அது பாடம். நான் எழுந்து போய் முகம் கழுவினேன்.

எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல்லைக் கொண்டு வந்தது என் கூடப்பிறந்த மூத்தவரான நீங்கள்தான், காக்கா. அக்கரைப்பற்றில் நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டு வளவுகளில் இருந்த காலம். எழுபதுகளின் கடைசி. புது ரேடியோவை அலுமாரியின் மேல் வைத்து, கம்பியை இழுத்துக் கூரையில் கட்டிவிட்டு, "இப்ப கிளியரா?" என்று மேலே இருந்து கத்தினீர்கள். கீழே நான் ஓம் என்றேன். அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். உங்கள் மனைவியான மச்சி வைத்த மீன் ஆணத்தில் தண்ணீர் கூடிவிட்டால், "நல்ல கிளியரா இரிக்கி புள்ள, சட்டிட அடி தெரியுது" என்பீர்கள். மச்சி அகப்பையை ஓங்குவா. சிரிப்புக்கு இருந்த சொல் அது.

நீங்கள் வான் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கிய காலத்தில் நாட்டில் சண்டையும் மூண்டு, அந்தச் சொல் கறுத்துப் போயிற்று. காலையில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பெண்கள் கேட்பது, ரோட் கிளியரா என்றுதான். கடைக்குப் போகவும் அதுதான், கலியாணத்துக்குப் போகவும் அதுதான். இன்னும் ஒரு விதமாகவும் சொன்னார்கள். "அந்தப் பக்கத்தக் கிளியர் பண்ணிட்டாங்களாம்." குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அங்கே இருந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகிற பாதை எங்கள் சோனக முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே தமிழ் ஊரும் வரும். அதனால் வண்டிக்காரர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள். எதிரே வருகிறவர் உள்ளங்கையை விரித்துக் கண்ணாடிக்கு நேரே காட்டினால், தான் வந்த பாதை கிளியர். விரல்களை மடக்கிக் காட்டினால், திரும்பு. தமிழ் ஆளா சோனக ஆளா என்று அந்தக் கையில் இல்லை. நெடுக ஓடியும் எதிரே ஒரு வண்டியும் வராவிட்டால், அடுத்த கடைத்தெருவில் நிறுத்திவிட வேண்டும். ஒரு வண்டி வந்து கை காட்டும்வரை நகரக் கூடாது. அந்தச் சட்டத்தைச் சொன்னது நீங்கள். "ஆள் இரிக்கிற பாதைக்குப் பயமில்ல தங்கச்சி, ஆளில்லாத பாதைதான் கதைக்காது" என்பீர்கள்.

மகளுக்கு முதல் பிள்ளைக்கு நோவு கண்ட அன்று வெயில் ஏறியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவிச்சி கையைத் துடைத்துக்கொண்டு, "இனி என்ட கையில இல்ல, கல்முனைக்குக் கொண்டு போங்க" என்றா. பாதையில் பிரச்சினை என்று இரண்டு நாளாய்ப் பஸ் இல்லை. நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வானின் பின் சீற்றைக் கழற்றிப் பாய் விரித்தீர்கள். "மாமா, நான் மௌத்தாப் போயிருவனா?" என்று மகள் கேட்டாள். "நீ போனா எனக்கு ஆர் ஹயர் காசு தாற?" என்றீர்கள். அந்த வலியிலும் அவள் உங்களை ஏசினாள்.

நிந்தவூர்க் கடைத்தெருவரை எதிரே ஒன்றும் வரவில்லை. நிறுத்தினீர்கள். தேநீர்க் கடைக்காரர் பாதிக் கதவைத் திறந்து, "அந்தப் பக்கத்தால காலையில இரிந்து ஒரு சைக்கிள்கூட வரல்ல காக்கா" என்றார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருந்தோம். மகளின் முனகல் மட்டும் கேட்டது. நீங்கள் கண்ணாடியில் அவளைப் பார்த்தீர்கள், பாதையைப் பார்த்தீர்கள், மீண்டும் அவளைப் பார்த்தீர்கள். பிஸ்மி சொல்லித் திறப்பைத் திருப்பி வண்டியைக் கிளப்பினீர்கள்.

வயல் நடுவிலுள்ள பாலத்தைத் தாண்டினோம். வேளாண்மை கதிர் தள்ளப் போகிற குடலைப் பருவம். தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது, வரப்பில் தண்ணீர் மாறுகிற ஆளைக் காணவில்லை. காரைதீவில் கடைகள் எல்லாம் பலகை போட்டிருந்தன. ஒரு வீட்டு யன்னலில் நின்ற பெண் எங்களைக் கண்டதும் யன்னலைச் சாத்தினா. மறிக்க ஒருவரும் இல்லை. மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது மறித்தால்கூட நல்லதென்று நினைத்தேன். ஒரு மனித முகமாவது தெரியுமே.

ஆஸ்பத்திரியில் பிள்ளை உயிரோடு வந்தது, தாயும் பிழைத்தாள். இன்றைக்கு இங்கிலீஷ் ரீச்சராக இருப்பவள் அவள்தான். அவள் காதில் பாங்கு சொன்னது உங்கள் குரல். சொல்லி முடித்துவிட்டு, "காது கேக்குது புள்ளைக்கு, முறைச்சுப் பாக்குறா" என்றீர்கள்.

பின்னேரம், நீங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்று நின்றீர்கள். மச்சி கைக்குழந்தையோடு தனியே இருந்தா. ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்காரர்கள் கூடி நின்றார்கள், ஒருவரும் தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் போகவில்லை. உங்கள் பாண்டிருப்புத் தமிழ்க் கூட்டாளி, மச்சான் மச்சான் என்று உங்கள் தோளில் தொங்குகிற மனுசன், வானுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"பாதை எப்பிடி மச்சான்?"

"கிளியர்டா. ஒரு காக்கா குருவியக் காணல்ல."

"ஏன், நீ ஒரு காக்கா வந்தாய்தானே."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த மனுசன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "எதிர வண்டி வராட்டி நில்லு எண்டு சட்டம் போட்டது நீ. அங்கால இரிந்து ஒருத்தன் வரட்டும், ஒரு பிளேன்ரீ குடி."

"நான் இப்ப வந்த பாதைடா. வேற ஆர் வந்து எனக்குக் கை காட்டுற? நானே கண்டது."

வானில் ஏறி இருந்துகொண்டு, என்னைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டினீர்கள். கிளியர். நானும் கையைக் காட்டினேன்.

மறுநாள் காலையில், மகள் கிடந்த ஆஸ்பத்திரி வோட்டுக்கு வெளியே அந்தப் பாண்டிருப்பு மனுசன் நின்றார். விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு தேடப் போயிருக்கிறார். தனக்கு அந்த நாளில் அது எவ்வளவு ஆபத்து என்று அவர் சொல்லவில்லை. "பாலத்தடியில வான் நிக்கிது தங்கச்சி. வீட்டுப் பக்கம் பாத்துத்தான் நிக்கிது. கதவு திறந்து கிடக்கு, திறப்பும் அதிலயே இரிக்கி. உடைவு, இரத்தம், ஒண்டுமில்ல. விரிச்ச பாய்கூட அப்பிடியே கிடக்கு. அவனத்தான் காணல்ல." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு பக்கத்தாரும் மற்றப் பக்கத்தைக் காட்டினார்கள். தேடாத இடமில்லை, கேட்காத கேம்ப் இல்லை. அடக்க ஜனாஸா இல்லை, சலாம் சொல்ல ஒரு கப்ர் இல்லை. எந்த நாளில் ஆண்டுக் கத்தம் ஓதுவதென்றும் தெரியாமல், கடைசியாகக் கண்ட நாளில் ஓதிவருகிறோம்.

இருந்து இருந்து யோசித்திருக்கிறேன். எதிரே வருகிறவர் காட்டும் கை, அவர் அவ்விடத்தைக் கடந்த நேரத்துக்கு மட்டும்தான் பொறுப்பு. அதற்காகத்தான் ஒரு கைக்குப் பிறகு இன்னொரு கை வேண்டியிருந்தது. நீங்கள் ஊருக்கெல்லாம் காட்டிய கையை அன்று உங்களுக்கே காட்டிக்கொண்டீர்கள். காலையில் நாங்கள் கண்டது நல்ல பாதையல்ல, வெறும் பாதை. உங்களுக்குப் பிறகு அந்த வாசலில் நின்ற வண்டிக்காரர்கள், தான் வந்த பாதைதானே என்று ஒருவரும் திரும்பிப் போனதில்லையாம். "வேற ஆரும் கண்டதா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பைத் தொடுவார்களாம். பாண்டிருப்பு மனுசன் தன் மௌத்துவரை அதைச் சொல்லிச் சொல்லி ஆட்களை நிற்பாட்டியிருக்கிறார்.

நான் இப்போது கல்முனைக்குடியில் மகளோடு இருக்கிறேன். பிள்ளைகள் வெளியே போய் வந்தால் பாதை எப்படி என்று கேட்க மாட்டேன். வழியில் யாரைக் கண்டாய் என்று கேட்பேன். ஐஸ்பழக்காரரைக் கண்டேன், மாட்டுக்காரரோடு சண்டை பிடித்தேன், சந்தியில் ஒரே நெரிசல் என்று சலித்துக்கொள்வார்கள். அவர்கள் சலிக்கச் சலிக்க என் நெஞ்சு இறங்கும். தெருவில் ஹோன் சத்தம் காது கிழிகிறது என்று மகள் யன்னலைச் சாத்துவாள். நான் போய்த் திறந்துவிடுவேன்.

மச்சி கண்டிப் பக்கம் தன் ஆட்களிடம் போய், உங்கள் மகனை அங்கேயே வளர்த்து ஆளாக்கிவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன் அவவும் மௌத்தாகிவிட்டா. அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது அன்றைய உங்களைவிட வயது கூடிவிட்டது, காக்கா. நெற்றியும் மூக்கும் நீங்களேதான் என்று போய்ப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் பயணம் செய்ய ஏலாது. அதனால் நேற்று அவனுக்கு என் கைப்பட எழுதிப் போட்டேன். "மனே, போனில அனுப்ப வேணாம், நான் கைபட்டு அழிச்சுப்போடுவன். தொப்பியக் கழட்டி, நரைச்ச தாடிக்குச் சாயம் அடிக்காம, ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதுசா ஒரு படம் எடுத்துத் தபால்ல போடு. வயசு போன என்ட காக்காவ நான் ஒருக்காப் பாக்கணும்."