நாலடி தூரத்தில் அசையாமல் நின்றவன் எழுதுவது

என் மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

இந்தக் காகிதத்தைப் பார்த்திருந்தால், "என்னா மச்சான், லெட்டர்லாம் எழுதுற, டிப்ளமா படிச்ச திமிரா?" என்று கேட்டிருப்பாய். திமிர்தான். நீ போன இந்த ஆறு வாரத்தில் அது ஒன்றுதான் மிச்சம். ஊரும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

உப்பளத்துப் போர் நினைவிடம் பளபளவென்று இருக்கிறது. நீ விழுந்த கருங்கல் படியை மறுநாளே கழுவித் துடைத்துவிட்டார்கள். பெயர் தெரியாத போர்வீரர்களுக்காக எரிகிற சுடரும் எரிகிறது. 'அணையாச் சுடர்' என்று கல்லில் வெட்டியிருக்கிறார்களே, அது மாதம் இரண்டு தடவை அணைகிறது என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். பின்னால் தகரக் கதவுக்குள் இருக்கும் சிலிண்டரை மாற்றுவது மெக்கானிக் படித்த என் வேலை. மலர்வளையம் வைக்க வருகிறவர்கள் சுடரையா பார்க்கிறார்கள்? கேமரா எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள்.

அன்று காலை நடந்ததை உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பாதிக்கு மேல் நீ பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் பத்தேகாலுக்கு வந்தார். அதுவரை காவல் நிற்கிற நாம் நால்வரும் சுடரைச் சுற்றி நாலு மூலையில், வெயிலில். உனக்கு முதல் நாளே காய்ச்சல். வேனில் வரும்போது கேட்டாய்: "மச்சான், காலு வெலவெலன்னு வருது. சுபேதார்ட்ட சொல்லிட்டு உக்காந்துக்கட்டா?"

நான் என்ன சொன்னேன்? "அரை மணி நேரந்தான மாப்ள. முட்டிய லூசா வச்சுக்க. பூட்ஸுக்குள்ள வெரல ஆட்டிக்கிட்டே இரு. கெண்டைக்கால் ஒரு பம்பு மாரி. அது ஓடுனாதான் ரத்தம் மேல ஏறும்."

பெரிய இன்ஜினியர் விளக்கம்.

பிறகு துயர மரியாதைக்கான கட்டளை வந்தது. துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, அதன் வாயை இடது பூட்ஸ் முனையில் ஊன்றி, கட்டையின் மேல் இரண்டு கையையும் வைத்துத் தலை குனிய வேண்டும். அந்த நிலையில் விரலை ஆட்டினால் துப்பாக்கி ஆடும். ஆடக் கூடாது. என் பம்பு அங்கேயே நின்றது. பியூகிள் ஊதி ஓய்ந்து, இரண்டு நிமிட மௌனம் தொடங்கியது.

முதலில் துப்பாக்கி விழுந்தது. அப்புறம் நீ. உன் தலை படியில் மோதிய சத்தம் கேட்டது. தொப்பி உருண்டு என் பூட்ஸ் பக்கம் வந்து நின்றது. பக்கத்தில் நிற்பவன் விழுந்தால் நீ அசையாதே, வெளியே இருப்பவர்கள் வந்து தூக்குவார்கள் என்பது நமக்கு அடித்துச் சொல்லித்தந்த விதி. வெளியே இருந்தவர்களும் மௌனத்தில் நின்றார்கள். உன் விரல்கள் கல்லைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டே நானும் நின்றேன். யாருக்கு மரியாதை செய்துகொண்டிருந்தேன்?

மௌனம் முடிந்ததும் ஓடி வந்தவன் முதலில் எடுத்தது உன்னை அல்ல, துப்பாக்கியை. அது அரசாங்கச் சொத்து. விருந்தினர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது: "வீடியோல வந்துருக்குமா?"

சாயந்திரம் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். ஒரு நிமிடம் முன்னால் தூக்கியிருந்தாலும் இதே கதிதான் என்றார் டாக்டர். அவர் நல்ல மனுஷர். நான் நம்பவில்லை.

பத்தாம் நாள் சுபேதார் கூப்பிட்டார். டைப் அடித்த தாள் ஒன்று மேசையில் இருந்தது. 'ஒரு சிப்பாய், பணியேற்கும் முன்பே, வாகனத்திலிருந்து இறங்குகையில் மயங்கி விழுந்தார்.' கீழே நேரில் பார்த்த சாட்சியாக என் கையெழுத்து வேண்டும்.

"பேரு எங்க சார்?"

"பேரு எதுக்கு? சுருக்கமா இருக்கட்டும். ரெண்டு மணி நேரம் ஏன் நிக்க வச்சீங்கன்னு நாளைக்கி ஒருத்தன் கேப்பான். பெரிய எடத்து விஷயம், தம்பி."

பெயர் தெரியாதவர்களுக்கு மண்டபம் கட்டியவர்கள், பெயர் தெரிந்த உன்னை ஒரே வரியில் பெயர் இல்லாதவன் ஆக்கிவிட்டார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் பேனாவைத் திறந்தேன். நீ வேனிலிருந்து இறங்கும்போதே விழுந்தாய் என்றால், நான் நாலடி தூரத்தில் நின்றதே இல்லை என்றாகிவிடும். அந்தப் பொய் அவர்களை மட்டுமல்ல, என்னையும் காப்பாற்றும். இத்தனை பேரைக் கேவலமாகப் பேசுகிற நான் அந்த இடத்தில் அவர்களில் ஒருவன்தான்.

நாளைக்குத் தருகிறேன் என்று தாளை மடித்துக்கொண்டு தவளக்குப்பத்தில் உன் வீட்டுக்குப் போனேன். என் தங்கச்சி உன் பனியன்களை மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "செல்வி, அவன் எம் பக்கத்துலதான் விழுந்தான். நான் அசையல."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எவ்ளோ நேரம்?"

"ஒரு நிமிஷம். கூட இருக்கும்."

"பாத்துக்கிட்டே நின்ன."

"ஆமா."

தாளை வாங்கிப் படித்தாள். "அவரு எங்க விழுந்தாருன்னு எழுது. நீ எங்க நின்னன்னும் சேத்து எழுது. ஒண்ண மட்டும் எழுதுனா இந்த வாசப்படிய மிதிக்காத."

இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் முழுப் பெயர், மூலை, நேரம், காய்ச்சல், நான் சொன்ன பம்புக் கதை, நான் அசையாதது. சுபேதார் படித்துவிட்டு, "ஒன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்ட" என்றார். போட்டுக்கொண்டேன் சார், என்றேன். விசாரணை வரும் என்கிறார்கள். வரட்டும். மாற்று ஆள் கிடைக்காததால் இன்னும் என்னைத்தான் அந்த மூலையில் நிறுத்துகிறார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

உன் மூலையில் இப்போது ஒரு கடலூர்க்காரன் நிற்கிறான். முதல் நாளே சொல்லிவிட்டேன்: "நீ விழுந்தா துப்பாக்கிய கீழ போட்டுட்டு வருவேன்."

"அப்பறம் ரெண்டு பேருக்கும் சார்ஜ் ஷீட்டுதாண்ணே" என்று சிரித்தான்.

சிரிக்கட்டும். உனக்குச் செய்யாததை உனக்குத் திருப்பிச் செய்ய முடியாது, மாப்ள. ஆனால் இனி அந்த மௌனத்தில் எவன் விழுந்தாலும் முதலில் அசைகிறவன் நானாக இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

செல்வி இன்னும் முகம் கொடுத்துப் பேசாத அவளுடைய அண்ணன்,
உன் மச்சான்